முதலாளி விட்டுப்போன இலை

கொம்பையாவைப் புதைத்த மண் இறுகுவதற்குள், குழிமேட்டில் ஊற்றிய பாலின் ஈரம் காய்வதற்குள், கல்குவாரி முதலாளி வெள்ளாங்கரட்டுக்கு விருந்து சாப்பிட வந்தார். ஊரோடு சமாதானம் என்று அவரே சொல்லியனுப்பி, அரிசியும் பருப்பும் வெல்லமும் அவரே லாரியில் ஏற்றிவிட்டு, சமுதாயக்கூடத்தில் விரித்த ஒற்றைத் தலைவாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வடையில் ஒரு கடி, அப்பளத்தில் ஒரு கடி, முருங்கைக்காயைச் சப்பித் துப்பி, பாயசத்தை மீசை நனைய உறிஞ்சி, ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை ஐந்து விரலும் பதிய அமுக்கி வைத்துவிட்டு, ஏப்பம் விட்டு, எழுந்து, காரேறிப் போனார். இலையை மடக்கவில்லை. அவர் எந்த வீட்டிலும் இலையை மடக்கியதில்லை. அதற்கெல்லாம் ஆள் உண்டு.

மடக்க வந்த ஆள் சமையல்கார லெட்சுமணப்பெருமாள். குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். நல்ல காரியத்துச் சாப்பாடு என்றால் இலையின் எதிர்ப்பாதியைத் தன்பக்கம் இறக்கி மடக்க வேண்டும், உறவு நீளும். எழவுச் சாப்பாடு என்றால் தன்பக்கத்துப் பாதியைத் தூக்கி எதிர்ப்பக்கம் மடக்க வேண்டும், இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டுக்கு இனி வரக்கூடாது. இது என்ன சாப்பாடு? தன்பக்கம் மடக்கினால் கொம்பையா செத்ததில் ஊருக்குச் சந்தோஷம் என்று ஆகும், அவன் வீடோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. எதிர்ப்பக்கம் மடக்கினால் இங்கே ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், அவனை யாரோ சாக வைத்தார்கள் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும், முதலாளியின் மேனேஜர் கிருபாகரனோ செல்போனைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். லெட்சுமணப்பெருமாள் ஊர்த் தலைவர் சங்கரவேலுவைப் பார்த்தார். தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். "கெடக்கட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள், இலை கிடந்தது.

இதையெல்லாம் கொம்பையாவின் பெண்டாட்டி முப்பிடாதி பார்க்கவில்லை. அவள் பெண்கள் சிறையில் இருந்தாள். குவாரியில் வெடி வைத்து வெடி வைத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய், சுவரெல்லாம் வாய் பிளந்து, தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் மேல் காரை உதிர்ந்தபோது ஊரே போய் ரோட்டில் உட்கார்ந்தது. முன்வரிசையில் கொம்பையாவும் அவளும் இருந்தார்கள். அவள் கோஷம்கூடப் போடவில்லை, கூச்சம், மற்றவர்கள் போடும்போது உதட்டை மட்டும் அசைத்தாள். போலீஸ் வந்ததும் எல்லோரும் எழுந்து ஓடினார்கள், எழுந்து ஓடவும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அவளை விட்டுவிட்டு ஓடக் கொம்பையாவுக்கு மனசு வரவில்லை. அரசாங்கத்துக்கு எதிராக ஜனங்களைத் தூண்டினாள் என்று எழுதினார்கள். ஸ்டேஷனில் அவனைப் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் முதலில் திட்டியது, பிறகு கெஞ்சியது, பிறகு அவள் பேரைச் சொன்னது, பிறகு கேட்கவில்லை. தப்பி ஓடிக் குவாரிப் பள்ளத்தில் விழுந்து செத்தான் என்றார்கள். அடி வாங்கி நிற்கவே முடியாதவன் எப்படி ஓடினான் என்று அவள் மனசுக்குள் கேட்டாள். வாய்விட்டுக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அவர்களுக்கு சோலை என்று ஒரு பெண் பிள்ளை, பால் மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஜெயிலில் பிள்ளை வளர வேண்டாம் என்று முப்பிடாதிதான் சொன்னாள், அதனால் கொம்பையாவின் அக்கா வண்டிமலைச்சி அவளை வைத்துக்கொண்டாள். மலைச்சி மனுப்போட்டுப் பார்க்க வருவாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரில் நடந்ததை ஊர்க்கதை போலச் சொல்லுவாள்.

"அந்த எலை வாடவே இல்லட்டி," என்றாள் முதல் தடவை வந்தபோது. "காலைல போயிப் பாத்தா ஆவி பறக்கு. ரசத்து மணம் தெருமுக்கு வரைக்கும் வருது. நாயி ஒண்ணு போச்சு, மோந்து பாத்துட்டு வாலை இடுக்கிட்டுத் திரும்பிட்டு."

"யாரும் மடக்கலையா மைனி?"

"யாரு மடக்க? எந்தப் பக்கம் மடக்க? சவம், அது பாட்டுக்குக் கெடக்கு."

பிறகு குரலை இறக்கிக்கொண்டு மலைச்சி சொன்னாள், அதில் முதலில் தின்றது சோலைதான்.

ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இனி குவாரியில் வேலை இல்லை என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள், வெள்ளாங்கரட்டிலோ குவாரியை விட்டால் வேறு வேலை இல்லை, வீட்டுக்கு வீடு அடுப்பு புகைவது குறைந்துபோயிருந்தது. பிள்ளை பசியில் அழுது, அழுகையோடு நடந்து, சமுதாயக்கூடத்துக்குள் போய்விட்டது. இலையில் கடித்த வடை ஒன்று இருந்தது. முப்பிடாதி எதையும் கடித்துத்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள். முறுக்கென்றால் ஓரத்தைக் கடித்து, வடையென்றால் சூடு போகப் பாதி கடித்து, மிளகாய் இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டு, மீதியைச் சின்ன வாயில் வைப்பாள். முழுவடை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே சோலைக்குத் தெரியாது. கடித்த வடையைக் கண்டதும் "அம்மா" என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தின்றது.

"நீதான் வச்சிட்டுப் போயிருக்கன்னு நெனச்சிருக்கும் போல," என்றாள் மலைச்சி. "எடுத்த எடத்துல பாத்தா இன்னொரு வடை இருக்கு. அதே கடியோட."

முப்பிடாதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் வரவில்லை, வயிற்றால் போகவில்லை, மறுநாள் கன்னம்கூடக் கொஞ்சம் பளபளத்தது. அதைப் பார்த்துவிட்டு முதலில் பிள்ளைக்காரிகள் சோற்று ஏனத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் என்று. பிறகு மறைக்காமல் வந்தார்கள். பிறகு ஆம்பிளைகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல வந்து, சும்மா ருசி பார்ப்பவர்கள் போலக் குனிந்து, உட்கார்ந்துவிட்டார்கள். "எச்சி என்னத்த எச்சி? ஒருத்தன் தின்னாத்தான் எச்சி, ஊரே தின்னா பிரசாதம்" என்று தலைவர் சங்கரவேலு சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஆள் கூடக் கூட இலை நீண்டது. கூடத்துக்குள் முட்டி, நிலையைத் தாண்டி, படியிறங்கி, சாக்கடையை ஒட்டித் தெருவோடு வளர்ந்தது, நடுநரம்பு ஆள் கைத்தண்டிக்கு. பந்தியென்றால் ஒரு பக்கம்தான் உட்கார வேண்டும் என்பதால் சாக்கடைப் பக்கம் விட்டுவிட்டு வீட்டுப் பக்கமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

எது எடுத்தாலும் முதலாளி விட்ட பக்குவத்தில்தான் வந்தது. வடை கடித்தபடி, அப்பளம் உடைத்தபடி, முருங்கைக்காய் சப்பித் துப்பிய சக்கையாக. பல் போனவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று பேசிக்கொண்டார்கள். பாயசத்தில் ஒரு மீசைமயிர் கிடந்தது, எந்தக் கிண்ணத்தில் மொண்டாலும் ஒன்று வந்தது, அதே நீளம், நுனியில் அதே நரை. முதலில் அதை எடுத்துத் தூரப் போட்டார்கள். பிறகு மரியாதைக்கு இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு, ஒதுக்குவதை மேனேஜர் பார்க்கிறானே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினார்கள். அப்புறம் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

முதலாளிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து உண்டு, அதனால் ஒவ்வொரு கடிக்கும் நடுவில் ஒரு சின்ன மேடு நின்றது. பள்ளிக்கூடத்தில் பிறைநிலா வரையச் சொன்னால் பிள்ளைகள் நடுவில் மேடு வைத்த பிறையை வரைந்தார்கள், டீச்சரும் சரி போட்டார். பெண் பார்க்க வந்தவர்கள், உங்களுக்கு இலையில் எந்த இடம் என்று கேட்டார்கள். ஒரு குழாயடியில் சேர்ந்து நிற்காத சாதிக்காரர்கள் ஒரே இலையில் கை வைத்ததைக் கட்சிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இதுவல்லவா சமத்துவம் என்று மைக்கில் பேசிவிட்டுப் போனார், ஆனாலும் சோற்றில் விரல்பதிவு ஆழமாக விழுந்திருக்கும் இடம் யாருக்கு என்பதில் தினமும் சண்டை நடந்தது. அடுப்புக்குள் பூனை குட்டி போட்டது. குவாரி மறுபடி வெடித்தது. வெடிக்கும்போதெல்லாம் இலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும், கல்தூசி சோற்றில் பறந்து விழும், அதையும் சேர்த்துப் பிசைந்தார்கள். கிணறு வற்றி, தண்ணீர் லாரி வந்தது. ரோட்டுக்குப் போவோம் என்று யாரும் சொல்லவில்லை, சாப்பிட்டு முடித்தால்தானே எழுந்து போவதற்கு. கொம்பையா பேரையும் யாரும் எடுக்கவில்லை. சாப்பிடுகிற இடத்தில் எழவைப் பேசுவது மரியாதையா?

அடுத்து வந்தபோது மலைச்சி கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நகக்கண் மஞ்சளேறி இருந்தது, இடுப்பில் சோலை இருந்தது. வார்டரம்மா மனசு இரங்கிப் பிள்ளையை மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே விட்டாள். முப்பிடாதி வாரியெடுத்து முகத்தோடு முகம் வைத்தாள். பிள்ளை வாயில் பிள்ளை வாசம் இல்லை. அன்னாசிப்பூவும் புகையிலையும் புளித்த ரசமும் கலந்த ஒரு பெரிய ஆளின் வாசம் வந்தது, ஸ்டேஷன் வாசலில் முதலாளி இன்ஸ்பெக்டரோடு சிரித்துப் பேசிக்கொண்டு அவளைக் கடந்து போனபோது வந்த அதே வாசம். அவள் முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பிள்ளையின் நாக்கைத் துடைத்தாள், ஈறைத் துடைத்தாள், பிள்ளை திமிறித் திமிறி அழுதது. அழுகையை அமர்த்த, வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்து, பழைய பழக்கத்தில் ஓரத்தைக் கடித்துவிட்டு நீட்டினாள். சோலை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கடியில் மேடு இல்லை.

"இது அம்மா இல்ல," என்று திருப்பிக் கொடுத்தது.

வலைக்கு அந்தப் பக்கம் மலைச்சிக்குக் கோபம் வந்தது. "நீ மொகத்தச் சுளிக்காதட்டி. ஒனக்கு இங்க மணியடிச்சா களி. எனக்கு யாரு மணியடிப்பா? தம்பியப் பறிகுடுத்தவ நானு. அவன் எழவுக்கு ஒரு படி அரிசி வேகவைக்க எனக்கு வழியிருந்துச்சா? இந்தப் பிள்ளைய உசுரோட கொண்டாந்து காட்டுதேன்லா, அதப் பாரு."

"ஒண்ணும் சொல்லல மைனி."

"நீ ஒண்ணும் சொல்லாததுதான் காந்துது."

போகும்போது திரும்பி வந்து சொன்னாள்: "எலை ஒரே எடத்துலதான் காஞ்சு கெடக்கு. ஒங்க வீட்டு வாசல்ல. அங்க மட்டும் சோறும் ஏறல, வடையும் ஏறல. மொதலாளி வந்து பாத்துட்டு, இன்னும் சாப்பிடாதது யாருன்னு கேட்டாராம்."

அதற்குப் பிறகு மேனேஜர் கிருபாகரன் வந்தான். அவனுக்கு வலை இல்லை, நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அவளையும் உட்காரச் சொன்னான், அவள் நின்றாள்.

"ஒரு வாய்தான்மா," என்றான். "ஒங்கள யாரும் எதுவும் எழுதிக் குடுக்கச் சொல்லல, மன்னிப்புக் கேக்கச் சொல்லல. வேன்ல கூட்டிட்டுப் போவாங்க. ஒங்க வாசல்லயே உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து விசாரணை வருது, கொம்பையா எப்படிச் செத்தாருன்னு ஊருல கேப்பாங்க. ஊரு சொல்லிரும், ஊரு சாப்பிட்டிருக்கு. நீங்களும் சாப்பிட்டாச்சுன்னா, வீட்டம்மாவே விருந்து சாப்பிட்டிருக்காங்க, இதுல வேற என்ன இருக்குன்னு முடிச்சிருவாங்க. ஒங்க கேஸும் வாபஸ். பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

அவள் அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாட்டேன்னா அதுவும் ஒங்க இஷ்டம். ஆனா மலைச்சியம்மா பிள்ளைய வளக்குறது சரியில்லன்னு மனு போயிருக்கு. அனாதை இல்லத்துல சேத்துருவாங்க. அங்கேருந்து நல்ல குடும்பமா பாத்துக் குடுப்பாங்க. நம்ம மொதலாளிக்கே பொம்பளப் பிள்ள இல்ல." பல்லிடுக்கில் மாட்டியிருந்த எதையோ நாக்கால் துழாவி எடுத்து முழுங்கினான். "மிரட்டுதேன்னு நெனைக்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அது அவன் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் அவளுக்குக் களி இறங்கவில்லை. வார்டரம்மா பார்த்துவிட்டு, "ஒரு வாய் தின்னுட்டுப் போயிப் பிள்ளையப் பாரு. நாங்கள்லாம் திங்காததா?" என்றாள், அன்பாகத்தான் சொன்னாள். முப்பிடாதி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தின்றால், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் கேட்கவே இல்லை என்று ஆகும், அவள் புருஷன் தானாக ஓடித் தானாக விழுந்தவன் ஆவான், அதற்கு அவளே வாயைத் துடைத்துக்கொண்டு சாட்சி. தின்னாவிட்டால், பிள்ளை அந்த மீசையை அப்பா என்று கூப்பிடும், அந்தக் கடியை அம்மா என்று கூப்பிட்டாகிவிட்டது. எதை நினைத்தாலும் குமட்டியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக் குமட்டிக் குமட்டி, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் பித்தநீராக வந்தது. கடைசியில், எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, சின்ன வயசில் பந்தியில் அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அடுத்தவர் சாப்பிட்ட இலையைத் தொடாதே, உன் இலையை மட்டும் மடக்கு. சாப்பிடாதவளுக்கு இலையில் என்ன வேலை?

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வார்டரம்மாவைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று மேனேஜருக்குச் சொல்லிவிடச் சொன்னாள்.

நல்ல மத்தியானத்தில் வேன் வெள்ளாங்கரட்டுக்குள் நுழைந்தது. நுழையும்போதே வாசம் வந்தது. பெண் போலீஸ் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள், பிறகு மேனேஜரைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். தெரு முழுக்க இலை, இலை முழுக்க ஆள். அவளோடு ரோட்டில் உட்கார்ந்தவர்கள், கோஷம் போட்டவர்கள், கோஷம் சொல்லிக்கொடுத்தவர்கள், எல்லோரும் மணிக்கட்டு வரை ரசம் வழிய உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் கைகள் பாதியில் நின்றன. ஒருத்தி மட்டும், "மெலிஞ்சு போயிட்டாளே" என்றாள், வாயில் சோறோடு.

அவள் வீட்டு வாசலில் இலை சருகாகக் கிடந்தது, ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்கு. பக்கத்திலேயே மலைச்சி, மடியில் சோலை. முப்பிடாதி சேலையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த மாத்திரத்தில் சருகில் பச்சை ஏறியது, நரம்பில் நீர் ஓடியது, இலைக்கு அடியிலிருந்து எழும்புவது போலச் சோறு எழும்பியது, ஐந்து விரலும் பதிந்த சோறு, பக்கத்தில் வடை, கடித்த வடை. விரல்பதிவுகளுக்குள் ரசம் தேங்கி நின்றது.

மேனேஜர் செல்போனைத் தூக்கினான். "நல்லா தெரியுற மாதிரி சாப்பிடுங்கம்மா."

அவள் கையை வைத்தாள். அவள் விரல்கள் அந்த ஐந்து குழிக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தன, அதற்கென்றே அளவெடுத்தது போல. சோறு வெதுவெதுவென்று இருந்தது, அடுப்புச் சூடு இல்லை, வாய்ச் சூடு. உருட்டினாள். உதட்டில் வைத்தாள். நாக்கில் பட்டதும் அது ஏற்கெனவே யாரோ மென்றுவிட்டது என்று தெரிந்தது, மெல்ல ஒன்றும் இல்லை, வழவழவென்று தானாகவே உள்ளே போகப் பார்த்தது. அன்னாசிப்பூ, புகையிலை. தொண்டையில் ஒரு மயிர் நின்றது. உடம்பு முழுக்க அதை வெளியே தள்ளியது, கண்ணில் நீர் வந்தது, மூக்கில் ரசம் வந்தது. மலைச்சி மடியில் உட்கார்ந்தபடி சோலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முழுங்கினாள்.

தெருவே மூச்சு விட்டது. தலைவர் சங்கரவேலு சிரித்தேவிட்டார். "அவ்வளவுதான் தாயி. இதுக்குப் போயி." மேனேஜர், எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, "போதும், எந்திரிங்க" என்றான்.

அவள் எழுந்திருப்பதற்கு முன்னால், நல்லபடி வளர்ந்த எந்தப் பெண்ணும் செய்கிறது போல, இரண்டு கையையும் இலைக்குக் கொண்டுபோனாள். சாப்பிட்டவள் மடக்குகிறாள், அதில் தடுக்க என்ன இருக்கிறது என்று யாரும் தடுக்கவில்லை. மேனேஜர் போனை இறக்கக்கூட இல்லை. அவள் கை எதிர்ப்பக்கம் நீளும், மேல்பாதியைப் பிடித்து இறக்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் மடிக்கு நேரே இருந்த ஓரத்தைப் பிடித்தாள். தூக்கினாள். எதிர்ப்பக்கமாக மடக்கினாள்.

வாழைத்தோப்பில் சூறைக்காற்று விழுந்த சத்தம் கேட்டது. அவள் பிடித்தது ஒரு முழம்தான், மடங்கியது அந்தக் கடைசியிலிருந்து இந்தக் கடைசி வரை, தெருமுக்கில் திரும்பி, படியேறி, நிலைக்குள் நுழைந்து, முதலாளி உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் மடங்கியது. கையை இழுத்துக்கொள்ளாதவர்களுக்குக் கை உள்ளே மாட்டியது, உருவி எடுத்துக்கொண்டார்கள். மடங்கிய இலை கண்முன்னால் பழுத்தது, கருத்தது, சுருண்டது, இத்தனை நாளும் வராத அழுகல் நாற்றமெல்லாம் ஒன்றாகக் கிளம்பி மேலே வந்தது. முதலில் ஒரு கிழவர் வாந்தியெடுத்தார், பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்து எடுத்தார், அப்புறம் வரிசையாக ஊரே சாக்கடைப் பக்கம் சாய்ந்து எடுத்தது, எல்லாம் ஒரே நிறம். ஈ மொய்த்தது. நரை நுனி வைத்த மயிர்கள் சாக்கடையில் மிதந்து போயின.

வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் பேசியது ஒரு பிள்ளைக்காரி. "பாவி, நாளைக்கு எம்பிள்ளைக்கு நீயா குடுப்ப?" என்று கையில் அகப்பட்டதை வாரி முப்பிடாதி மேல் எறிந்தாள். அது தோளில் ஒட்டிக்கொண்டது. முப்பிடாதி அதைத் தட்டிவிடவில்லை.

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒன்னத் திங்கத்தானே சொன்னேன்," என்றான்.

"சாப்பிட்டவ மடக்கணும்லா சார்," என்றாள் அவள். அதை மட்டும் அவன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

அவளை வேனுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது, சமையல்கார லெட்சுமணப்பெருமாள் சட்டையைக் கழற்றிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றதை அவள் பார்த்தாள். வாளியில் பிடித்தார், தலையோடு ஊற்றிக்கொண்டார். எழவு வீட்டில் சாப்பிட்டவன் ஊற்றிக்கொள்வது போலக் கிழக்கே பார்த்து ஊற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் போய் நின்றார். பிறகு இரண்டு பெண்கள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் போகவில்லை. தலைவர் போகவில்லை, வாரி எறிந்தவள் போகவில்லை, அவள் கருகிய இலையை நகத்தால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், உள்ளே ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று.

வேன் கதவைச் சாத்தப் போகும்போது மலைச்சி ஓடிவந்தாள். தலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, பிள்ளை தலையும் நனைந்திருந்தது.

"பிள்ளையெல்லாம் ஏத்தக் கூடாது," என்றாள் பெண் போலீஸ்.

"சின்னப் பிள்ளைய ஜெயிலுல தாயோட விடணும்னு சட்டம் இருக்கு, எனக்கும் தெரியும். இல்லத்துக்குக் குடுக்கதுக்கு எந்தம்பி பிள்ள என்ன நாதியத்ததா?" பெண் போலீஸ் மேனேஜர் பக்கம் திரும்பினாள், மேனேஜர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான், முதுகுதான் தெரிந்தது. மலைச்சி பிள்ளையை உள்ளே திணித்தாள். முப்பிடாதி முகத்தைப் பார்க்காமல், "இங்க இனி ஒண்ணும் இல்லட்டி, வச்சிக்க," என்றாள். பிறகு பார்த்தாள். "அவனுக்குத் தலை முழுகிட்டேன். அக்காவா அத இப்பத்தான் செஞ்சேன்."

விசாரணை தொடங்கியது. விசாரணையில் மேனேஜர் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள், அவள் முழுங்குகிற வரைக்கும் இருந்தது, அதற்குமேல் இல்லை. லெட்சுமணப்பெருமாளும் மலைச்சியும் இன்னும் சிலரும் போய், அது எழவுச் சாப்பாடு, ஊரில் ஒருத்தனை அடித்துக் கொன்றார்கள், நாங்கள் தலை முழுகியிருக்கிறோம் என்று சொன்னார்கள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. அவள் கேஸும் முடியவில்லை.

சிறைக்குத் திரும்பிய அன்றைக்கு முப்பிடாதி உப்புப் போட்டு வாயைக் கொப்பளித்தாள், வேப்பங்குச்சியால் நாக்கை ரத்தம் வர வழித்தாள். அந்த ருசி போகவில்லை. அது பல்லில் இல்லை, நாக்கில் இல்லை, இன்னும் கீழே எங்கேயோ இருந்தது, தண்ணீர் குடித்தால் தண்ணீரோடு மேலே வந்தது.

பிள்ளைக்கு என்று ஒரு பன் கொடுத்தார்கள். சோலை அதை வாங்கி மேலே பார்த்தது, கீழே பார்த்தது, சுற்றிச் சுற்றிப் பார்த்தது. எங்கேயும் கடி இல்லை. இப்படி ஒரு பொருளை என்ன செய்வது என்று தெரியாமல், அம்மாவிடம் நீட்டி, "கடி" என்றது.

முப்பிடாதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். முந்தானையால் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பிள்ளை அழுதது. அழுது பார்த்துவிட்டு நிறுத்தியது. பன்னைத் தரையில் வைத்தது, எறும்பு வந்ததும் எடுத்து ஊதியது, மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. வார்டரம்மா, "கடிச்சுத்தான் குடேன், பிள்ள பசியில கெடக்கு" என்றாள். முப்பிடாதி கொடுக்கவில்லை. அவளுக்கும் பசித்தது, அவள் வயிறும் பிள்ளை வயிறும் சேர்ந்து சத்தம் போட்டன.

பிறகு சோலை பன்னை இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஓரத்தில் கடித்தது. மெல்வதை மறந்து, கடித்த இடத்தைப் பார்த்தது. அரிசி அரிசியாகச் சின்னப் பற்களின் வரிசை பதிந்திருந்தது. விரலை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்தது.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு கடி கடித்தது.